படத்தில் இல்லாத பெண்

மியூசியத்தின் மடக்கு நாற்காலிகள் பொல்லாதவை. விரிக்கும்போது கவனமாக இல்லாவிட்டால் விரலைக் கடித்துவிடும். அதனால் புதன்கிழமைதோறும் ஏழு நாற்காலிகளையும் நானே விரித்துப் போடுவேன். பார்வையில்லாதவர்களை அந்த வேலையில் விடக் கூடாது. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடத்தில் என் வகுப்புக்கு வந்த யார் உடம்பிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஊர் மக்களுக்காக மியூசியம் நடத்தும் இலவச வகுப்புகளில் என்னுடையதும் ஒன்று. பார்வையில்லாத ஏழு பேர் ஒரு ஓவியத்தின் முன்னால் உட்காருவார்கள். நான் அதை வாயால் சொல்லிக் காட்டுவேன். முதலில் சட்டத்தின் நீள அகலம், பிறகு இடமிருந்து வலம், முன்னாலிருந்து பின்னால். அழகு, சோகம் என்று நான் எதுவும் சொல்லக் கூடாது, குரலிலும் காட்டக் கூடாது. சொல்லி முடித்ததும் பக்கத்து அறைக்குப் போய், கேட்டதைக் களிமண்ணில் செய்வார்கள். செய்ததை ஒரு வாரம் அலமாரியில் வைப்போம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை இரண்டாம் கூடத்துக்குப் போனால் சுவரில் இரண்டு ஆணிகள்தான் இருந்தன. படகுத்துறைப் படத்தைச் சுத்தம் செய்யக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. என்னிடம் எதையும் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை, அது பழகிப்போன விஷயம். ஏழு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. ஞாபகத்திலிருந்து சொன்னேன். நாலு படகு, பழுப்புத் தண்ணீர், கரைமேல் ஒரு வீடு. சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த வீட்டுக்கு ஒரு ஜன்னல் வைத்தேன். ஜன்னலில் ஒரு பெண்ணை நிறுத்தினேன்.

அன்றைக்குச் செய்த களிமண் வேலை போல அதற்கு முன் நடந்ததே இல்லை. இயக்குநர் அலமாரிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றார். யார் வகுப்பு என்று கேட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது.

படம் திரும்பி வந்து ஆணியில் ஏறியது. அதில் அந்தப் பெண் இல்லை. ஆனால் அவளை எப்படி வெளியே அனுப்புவது? அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு மற்ற படங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது சேர்த்தேன். கூடத்தின் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். அது பயிற்சியின் ஒரு பகுதி என்று அவனிடம் சொல்லியிருந்தேன். "அக்கா, இன்னிக்குச் சுவத்துல என்ன மாட்டப் போறீங்க?" என்று கேலி செய்வான். நானும் சிரிப்பேன்.

சிரிப்பு எனக்கு நின்றது கடிகாரக்காரரால்தான். நாற்பது வருடம் கடிகாரம் பழுதுபார்த்தவர், இரண்டு கண்ணிலும் கருவிழி வெளுத்துப்போய் வகுப்புக்கு வந்தார். மனைவி இல்லை. மச்சான் வீட்டில் இருந்தார். சின்னச் சின்னச் சக்கரங்களை ஞாபகம் வைத்திருந்தவரிடம் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. "போன தடவ அந்தப் பொண்ணு வலது கையைத்தானே ஜன்னல்ல வச்சிருந்தா, டீச்சர்?" என்பார். நான் வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை முழுக்க அதைப் பாடம் செய்வேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளை போல வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வருவேன். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் வேறு யாராவது வந்து சுவரில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். காய்ச்சலோடு வந்த நாட்கள் உண்டு.

ஒருநாள் அவர், கருவிழி மாற்றும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். பார்வை வந்துவிடும் என்கிறார்களாம்.

"வந்துச்சுன்னா நேரா இங்கதான் வருவேன். மொதல்ல அந்தப் பொண்ணப் பாக்கணும். எங்க மச்சான் மூஞ்சி எங்க போகுது, மெதுவா பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தேன்.

நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வந்தார். மச்சான் படித்தால் பாதியை முழுங்கிவிடுவானாம். "நீங்க படிச்சா எழுத்துல இருக்கறது அப்படியே வரும்" என்று கையில் கொடுத்தார். கருவிழி கிடைத்துவிட்டது, பத்து நாளுக்குள் வந்து சேர வேண்டும், பின்னால் இருக்கும் நரம்பு வலுவிழந்து வருவதால் இதைத் தவறவிட்டால் பிறகு எந்த ஆபரேஷனும் பயன்படாது என்று எழுதியிருந்தது. நான் படித்தேன். "பரிசோதனை முடிவுகளின்படி தங்களுக்குச் சிகிச்சை செய்ய வாய்ப்பில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

அவர் கையை நீட்டினார். கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி விடுங்க. புதன்கிழமை இருக்குல்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை, நீங்கள் நம்ப வேண்டும். யோசித்துப் பாருங்கள், கண் வந்து அவர் என்னத்தைப் பார்த்திருப்பார்? பழுப்புத் தண்ணீரும் நாலு படகும். நான் அவருக்கு அதைவிட நல்லதைக் கொடுத்திருந்தேன். பத்து நாளையும் நான் எண்ணினேன். ஒவ்வொரு நாளும் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டினேன். பதினோராம் நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஏழு மாதம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. அதை மச்சான் படித்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். கடிகாரக்காரர் நம்பவில்லை. "இவன் என்னமோ உளர்றான். நீங்க படிங்க, டீச்சர்" என்றார். மச்சான் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லை, இருந்ததை இருந்தபடி படித்தேன். குறித்த தேதிக்குள் தாங்கள் வராததால் கருவிழி அடுத்தவருக்குத் தரப்பட்டது, முன்பே எழுதியிருந்தபடி நரம்பு இதற்குள் முழுவதும் செயலிழந்திருக்கும், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்தார். மடித்த இடங்களில் கிழிந்திருந்தது. அதையும் படிக்கச் சொன்னார். இந்த முறை சரியாகப் படித்தேன்.

மச்சான் என்னை அடிக்கக் கை ஓங்கினார். கடிகாரக்காரர் தடுத்துவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ரெண்டு தடவையும் உங்க குரல் ஒரே மாதிரி இருந்துச்சு, டீச்சர்."

அதை அவர் பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார்.