எதிராளிக்காகப் பேசவைத்த தலைவர்

மேடையில் அமர்ந்திருக்கும் இரு நாட்டு வணிகத்துறை அதிகாரிகளே, கடல் தாண்டி வந்திருக்கும் மறுநாட்டு உறுப்பினர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் நம் வணிகப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணியாரே, உங்கள் அனைவருக்கும் இந்தத் துணைத்தலைவனின் வணக்கம்.

நம் இரு நாட்டு வணிக மன்றத்தின் தலைவர், நாமெல்லாம் 'நிதானம் ஐயா' என்று அழைத்த பெருந்தகை, சென்ற வாரம் மறைந்தார். அழ வேண்டிய நாள்தான். ஆனால் அவரை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு முந்திக்கொள்கிறது. அவர் துணைவியாரான அண்ணி மன்னிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளோடு வம்பளந்துகொண்டிருந்தபோதே கண்மூடிய மனிதர். இப்படியொரு முடிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவர் விட்டுச்சென்ற கவலை ஒன்றே ஒன்றுதான். இறக்குமதி வரி கூடியதிலிருந்து இரு தரப்பும் முறுக்கிக்கொண்டு நிற்கிறோம். மன்றம் ஒன்றாக இருக்குமா, இரண்டாகப் பிரியுமா என்று நாளை காலை முடிவாகப் போகிறது.

வியாபாரம் என்றால் தகராறு வராதா? வந்தால் ஐயா என்ன செய்வார்? தீர்ப்புச் சொல்வாரா? மாட்டார். இருவரையும் மன்றத்தின் சின்ன அறையில் உட்காரவைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, எதிராளியின் நியாயத்தை முதலில் சொல் என்பார். நான் நினைத்ததும் அதைத்தான் என்று எதிராளி ஒப்புக்கொள்ளும்வரை தன் கட்சியைப் பேச யாருக்கும் அனுமதி கிடையாது!

டைல்ஸ் வழக்கு நினைவிருக்கிறதா? இங்கிருந்து போன சரக்கில் பாதி உடைந்துபோனது. கட்டியது சரியில்லை என்றார் வாங்கியவர். இறக்கியது சரியில்லை என்றார் விற்றவர். வாங்கியவர் வேண்டாவெறுப்பாக விற்றவருக்காகப் பேசத் தொடங்கினார். பேசப் பேசச் சூடு பிடித்துவிட்டது. "பெட்டிய இப்படித் தூக்கிப் போட்டா எதுதான் உடையாது?" என்று மேசையைத் தட்டினார். தன் ஆட்களையே திட்டுகிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. விற்றவர் மட்டும் சளைத்தவரா? மட்டமான அட்டையில் கட்டியனுப்பியதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இன்று இருவரும் சம்பந்திகள். அதோ, மூன்றாம் வரிசையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டிலும் இதே கூத்துதானாம். அண்ணி என்னிடம் சொன்னார்: "என் பக்கத்த அவரே என்னவிட நல்லாப் பேசிடுவாரு. அப்புறம் நான் எத வெச்சுச் சண்டை போடுறது?"

தலைவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவதா அஞ்சலி? இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன். நாளை நான் மறுநாட்டார் கட்சியைத்தான் முதலில் பேசுவேன். வரியால் அவர்கள் பட்ட பாட்டை அவர்களே தலையசைக்கும்வரை சொல்வேன். அதுவரை நம் கட்சி என் வாயில் வராது. போனால் போகட்டும் என்று சொல்லும் நம் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரிவதென்று கடிதம் எழுதிய மறுநாட்டுச் செயலாளர் அம்மையார் சற்றுமுன் வாசலில் என்னைத் தனியே அழைத்தார். நாளை நம் கட்சியைப் பேசுவதற்காக விமானத்தில் வரும்போதே ஒத்திகை பார்த்தாராம். "உங்க பக்கம் இவ்வளவு நியாயம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்லைங்க" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்றம் உடைந்துவிடாது இல்லையா என்று கேட்டார். அதற்கு இன்று பதில் சொல்கிறேன்.

உடையாது, ஐயா.