தொட்டிலுக்குக் காவல்

எங்கள் மாடியில் சுவர்கள் மெல்லியவை சார். யார் வீட்டில் எதற்குச் சண்டை என்று தெரிந்துகொள்ள நான் காதைத் தீட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. தானாக வந்து விழும். எதிர்வீட்டு டீச்சருக்குத்தான் அது பிடிக்காது. அவள் கதவு திறந்தால் என் கதவும் திறக்கிறதாம். வாசல்கள் நேருக்கு நேர் இருந்தால் வேறெப்படித் திறக்கும்?

ஆனாலும் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையை என்னிடம்தான் விட்டாள். நாய்க் காப்பகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா? என் நாயை மட்டும் கட்டிப் போடச் சொல்வாள். அதற்கு மகாராணி என்று கிண்டலாகப் பெயர் வைத்ததும் அவள்தான்.

ஒருநாள் அவள் கணவனிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பாப்பா அந்த அக்காவைப் பார்த்தாத்தான் சிரிக்குது. எனக்கு மூச்சு முட்டுதுங்க. சீக்கிரம் வேற ஊருக்குப் போயிடலாம்."

அங்கே வீடும் பார்த்தாகிவிட்டது. எனக்கு மட்டும் மூச்சு முட்டாதா? அடைத்துப் போட்ட நாய்கள் கூண்டுக்குள் ஒரே தடத்தில் நடக்கும். அந்த நாட்களில் நானும் தொட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையே அப்படித்தான் நடந்தேன்.

மகாராணிக்கு அப்போது பொய்ச்சினை. வயிற்றில் குட்டியே இல்லாவிட்டாலும் பெட்டை நாயின் உடம்பு சிலசமயம் குட்டி போட்டதாக நம்பிவிடும். ஹார்மோன் செய்கிற கூத்து. மடியில் பால்கூடச் சுரக்கும். பழைய செருப்பைக் குட்டியென்று அணைத்துப் படுக்கும். எடுக்கப் போனால் கடிக்கும். இது பிறவிக் குணம். நான் கற்றுக்கொடுத்தது அதற்கு மேல் கொஞ்சம்தான்.

செருப்பை எடுத்துவிட்டுக் குழந்தையின் காலுறையைக் கொடுத்தேன். டீச்சர் என் வீட்டில் மறந்து வைத்த சால்வையைப் போர்த்திக்கொண்டு அதைப் பிடுங்கப் போவேன். உறுமினால் ஒரு துண்டு இறைச்சி. பிறகு, பாய்ந்தால்தான் இறைச்சி. சால்வையில் இருந்த அவள் வாசனைக்கு மட்டும். டீச்சரின் வகுப்பில் அப்படி ஒரு மாணவி இருந்திருக்க மாட்டாள்.

சாமான் வண்டி கீழே வந்து நின்ற அன்று, குழந்தையைக் கேட்டு வந்தாள்.

"உள்ளதான் தூங்குது. நீயே போய் எடுத்துக்கோம்மா" என்றேன்.

நாயைக் கட்டியாயிற்றா என்று அவசரத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன். நான் பொய் பேசுகிற ஆள் இல்லை.

அவள் நுழைந்ததும் கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டேன்.

"அக்கா, கதவைத் திறங்க" என்றாள். முதலில் மெதுவாகத்தான், குழந்தை விழித்துவிடுமே என்று. பிறகு மெதுவாக இல்லை. தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை நின்றேன்.

கதவடியிலேயே அசையாமல் நின்றிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள். தொட்டிலை நோக்கித்தான் போயிருக்கிறாள். போவாள் என்று எனக்குத் தெரியும். அதுவும் பிறவிக் குணம்தானே. குழந்தைமேல் ஒரு கீறல்கூட இல்லை.

மகாராணியை ஊசி போட்டுக் கொன்றுவிடப் போகிறார்களாம். பாவம், அது தன் பிள்ளை இல்லையென்று யார் சொன்னாலும் அதற்கு ஏறாது. அதை விடுங்கள். குழந்தையை யாரோ பெண் போலீஸ் வைத்திருக்கிறாராமே, இது அது பால் குடிக்கிற நேரம். இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள் சார். பெற்றவளை இப்படி ஓர் அறையில் பூட்டிவைத்தால், பிள்ளை யாரிடம் போகும்?