ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம்

குளிரறை காத்த கோமகளே! பருத்த உடலைப் பழிக்காத பண்பே! முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காத எங்கள் முதன்மை ஆய்வாளரே! தங்கள் பணி நிறைவு விழாவில் வாழ்த்த வந்த நாங்கள், வாழ்த்தும் தகுதியை இழந்து நிற்கிறோம்.

உண்டதைச் சேர்த்துவைக்கும் வெள்ளைக் கொழுப்பை உலகமே அறியும். அதை எரித்து உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று, கழுத்தடியில், காறையெலும்பின் மேல், பிடியளவு இருப்பதை எங்களுக்குக் காட்டியவர் தாங்கள். குளிர்ந்தால்தான் அந்த அடுப்பு பற்றும். பற்றினால்தான் படத்தில் ஒளிரும். "தின்னு தின்னு வீங்கிட்டான்" என்று ஊர்வாய் தங்கள் தம்பியைத் தூற்றியபோது, அரை வயிறு உண்டும் அவர் ஏன் இளைக்கவில்லை என்று அறியவே இந்த அறையைப் போராடி வாங்கினீர்கள். பதினாறு டிகிரி, நீலச் சுவர், இரண்டு நாற்காலி, ஓயாமல் உறுமும் குளிரூட்டி. தங்கள் அரசாங்கம் அவ்வளவுதான்!

தாங்கள் வகுத்த முறை எளியது. ஒரு மணி நேரம் குளிர்; பிறகு, எரியும் கொழுப்பில் சேர்ந்து படத்தில் ஒளிரும் மருந்தூசி; பிறகு இன்னும் ஒரு மணி நேரம் அதே குளிர்; அதன் பிறகே படம். அந்தக் கடைசி மணி நேரம் தாங்கள் படமெடுக்கும் கருவியோடு மல்லுக்கட்டுவீர்கள், காவல் எங்களுடையது. ஒரு முறைகூட எட்டிப் பார்த்ததில்லை, அவ்வளவு நம்பிக்கை! ஒல்லியானவர்கள் பல் தந்தியடிக்கச் சிரித்துப் பேசினார்கள். பருத்தவர்களோ மெல்லிய அங்கிக்குள் உடலைக் கைகளால் மறைத்துத் தலை கவிழ்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஊசிதான் போட்டாயிற்றே, இனி என்ன குளிர் வேண்டிக்கிடக்கிறது என்று அவர்களுக்கு மட்டும் கம்பளி போர்த்தினோம். அறுபத்து மூன்று பேர்! அத்தனை படமும் இருண்டு வந்தது. பருத்த உடலில் அந்தக் கொழுப்பே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். படமெடுத்துக்கொண்ட தம்பியிடமும் தாங்களே சொன்னீர்கள்.

"எனக்கு மட்டும் அடுப்பே வைக்கலையாம்" என்று அவர் சிரித்தாராம். மறுநாளே மாலை நடை நின்றது. பிறகு வேலைக்குப் போவதும் நின்றது. ஏழாண்டுகளாக அவர் வாசலைத் தாண்டவில்லை.

சென்ற வாரம், அறையை மூடி ஒப்படைக்கப் போர்வை அலமாரியை நகர்த்தினோம். பின்சுவரில் தங்கள் கையெழுத்தில் ஓர் அட்டை: "ஊசிக்குப் பின்பும் குளிரை விடாதீர்கள். சூடேறினால் அடுப்பு அணையும். படம் பொய் சொல்லும்." அலமாரியை அங்கே தள்ளி வைத்தவர்களும் நாங்களேதான். தங்களிடம் வந்து சொன்னோம். தாங்கள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்!

"அவனுக்கும் போர்த்தினீங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"ஆமாங்கம்மா. கழுத்து வரைக்கும் இழுத்து விட்டோம்."

பிறகு சொன்னீர்கள்: "வாழ்த்து மடல்லயே எழுதிடுங்க. எனக்காக அவன் விழாவுக்கு வரேன்னு சொல்லியிருக்கான். என் வாயால என்னால சொல்ல முடியாது."

எழுதிவிட்டோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பியவர்களே! அந்தப் படத்தை இருட்டாக்கியது எங்கள் கம்பளி. தங்கள் கழுத்தடியில் அடுப்பு இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல இனி அறையும் இல்லை. நாளைக் காலை குளிரூட்டியைக் கழற்றுகிறார்கள். தங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் எங்களுக்கு நா எழவில்லை.

அம்மா! பரிசாக நல்ல கம்பளி ஒன்று வாங்கலாம் என்று எங்களில் ஒருவர் வாய்தவறிச் சொன்னார். வெறுங்கையோடு வந்திருக்கிறோம். தாங்களும் தம்பியும் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும் என்று, கேட்க உரிமையில்லாவிட்டாலும், கேட்டுக்கொள்கிறோம். இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். மாட்டுவதும் மாட்டாததும் தங்கள் விருப்பம். மாட்டினால், அதன் முன்னால் அலமாரி எதையும் தள்ளி வைத்துவிடாதீர்கள்.

இங்ஙனம்,
போர்த்திய நால்வர்,
குளிரறைப் பணியாளர்கள்