பொதுக் கம்பி

ஹெட்போனில் சத்தம் சரியாக வரவில்லை என்றால் எங்கள் வீட்டில் முதலில் அதைத் தட்டுவார்கள். பிறகு ஊதுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிறவள் நான். டிவி, ஆம்ப்ளிபையர், ஸ்பீக்கர் என்று வயர் உள்ள எல்லாமே என் தலையில்தான்.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆன பிறகு வேலை கூடியது. அண்ணி பாடுவாள். பல் தேய்க்கும்போதுகூடப் பாடுவாள். குரல் நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு இசைக்குழுவில் சேர்வதற்கு, வாத்திய இசையோடு சேர்ந்து பாடிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டிருந்தாள்.

"இந்த உம்மணாமூஞ்சிக்குக் கடவுள் எதுக்குத்தான் வாய வச்சாரோ. அதையும் எனக்கே குடுத்திருக்கலாம்" என்று ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் என்னைக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் ஹெட்போன் பிளக் ஆடுகிறது என்று என்னிடமே கொண்டுவந்தாள்.

பிளக்குக்குள் இடது காதுக்கு ஒரு கம்பி, வலது காதுக்கு ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கம்பி. பொதுக் கம்பியின் பிடி தளர்ந்தால், இரண்டு காதுக்கும் ஒரே அளவில் வருகிற சத்தம் மங்கிவிடும். பாட்டில் அப்படி வருவது பாடுகிறவரின் குரல். வாத்தியங்கள் கேட்கும், குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விடும். அந்தக் கம்பியைப் பட்டும் படாமலும் பற்றவைத்துக் கொடுத்தேன்.

வேறு யார் பாட்டையாவது அதில் ஒரு தடவை கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். அண்ணிக்குத் தன்னைத் தவிர வேறு யாரையும் கேட்கும் வழக்கம் இல்லை.

பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, "என் குரலே எழும்பலையே" என்று இன்னும் உரக்கப் பாடினாள். அண்ணன், "ஹால் ஸ்பீக்கர்ல போட்டுப் பாக்கலாம்" என்றான். இணைத்துக் கொடுத்ததும் நான்தான். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இடம் மாற்றினேன். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, குரல் சாரமில்லாமல் ஒலித்தது. அண்ணன் பெரிய வித்வான் மாதிரி கண்ணை மூடிக் கேட்டு, "ஆமா, குரல்ல சதையே இல்ல. அடிவயித்துல இருந்து பாடு" என்று தீர்ப்புச் சொன்னான்.

பாடினாள். சில வாரங்களில் தொண்டை கட்டியது, பிறகு குரல் உடைந்தது. குரல் நாணில் காயம், கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்றார் டாக்டர். வீடு அமைதியானது.

பாட்டு அனுப்ப வேண்டிய கெடு நெருங்கியது. அண்ணன் வேலைக்குப் போன ஒரு மதியம் அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றாள். "ஒரே ஒரு பாட்டு பாடிப் பாத்துடறேன். உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதடி" என்று காற்றாகச் சொன்னாள்.

அப்போதுகூடக் கம்பியைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நிமிஷம் போதும். ஹெட்போனை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். பாடினாள், போட்டுக் கேட்டாள், மறுபடி பாடினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா பாடுங்க அண்ணி" என்றேன். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு எதுவும் வரவில்லை.

இப்போது அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் உதட்டை அசைப்பாள். அது என்னவென்று அண்ணனுக்கு நான்தான் எடுத்துச் சொல்கிறேன். நான் சொல்கிற எதையும் அவள் மறுத்துப் பேசியதில்லை. ஒருவழியாக என்னை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.