அசைவதை மட்டும் அனுப்பும் பெட்டி

— இதுக்குத்தானாடா மூணு வருஷம் சோறு தண்ணி இல்லாம கிடந்தே? ஃபிரிட்ஜ் அளவுக்குப் பெட்டி செஞ்சும், உங்க மாமா முகம் கட்டம் போட்ட போர்வை மாதிரி தெரியுது.

— பொறு அக்கா. சோதனைக்குன்னு மாமா படுத்திருக்குற அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில ஒரு பெட்டி, இங்க எங்க ஆபீஸ்ல ஒண்ணு. மேனேஜர்கிட்ட கெஞ்சி அரை மணி வாங்கியிருக்கேன். கடல் தாண்டி ரெண்டே ரெண்டு போன் லைன்ல படம் வரணும். யானையை ஊசிக் காதுல நுழைக்கிற வேலை.

— எப்படித்தான் நுழைக்கிறே?

— அசையறதை மட்டும் அனுப்பும். மத்ததைப் பழைய படத்துலயே விட்டுடும். மாமா கட்டிலுக்குப் பின்னாடி ஜன்னல் திரை காத்துல ஆடுது பாரு, லைன்ல இருக்குற இடத்தையெல்லாம் அதுவே தின்னுடுது. மாமா வேற தலையை ஆட்டிக்கிட்டே இருக்காரு.

— தொண்டையில குழாய்டா. பேச முடியாத மனுஷன் தலையைத்தானே ஆட்டுவாரு? ஜன்னலைச் சாத்தச் சொல்லேன்.

— நர்ஸம்மா கேமராவைத் திருப்பி வச்சிட்டு அடுத்த வார்டுக்குப் போயிட்டாங்க. நீ பேசுறது மாமாவுக்குக் கேக்கும். ஆடாம இருக்கச் சொல்லு.

— ஏங்க, கொஞ்சம் ஆடாம அசையாம படுங்க. உங்க முகத்தைப் பார்த்து இருபது நாளாச்சு... அடங்கிட்டாருடா! கல்யாணமாகி என் பேச்சைக் கேக்குறது இதுதான் முதல் தடவை.

— பார்த்தியா, கட்டமெல்லாம் கரையுது.

— ஐயோ, புருவத்துத் தழும்புகூடத் தெரியுது! எவ்வளவு இளைச்சிட்டாரு... சரிங்க, போதும். கையை ஆட்டுங்க. ஏங்க? டேய், படம் நின்னுபோச்சு.

— ம்.

— காலையில நீ சோதிச்சப்ப ரெண்டு தடவை எல்லாமே கல்லு மாதிரி நின்னுச்சுன்னியே, அதே கோளாறு. அணைச்சுப் போடு.

— அக்கா, அந்த நர்ஸம்மா நம்பர் எங்க வச்சே?

— நம்பர் எதுக்கு இப்ப? இந்தா. நீ பெட்டியைப் பாருடா முதல்ல.

— மணி அடிக்குது. எடுங்கம்மா... யாராவது எடுங்க...

— நான் அசையாதீங்கன்னு சொன்னதுக்காக இப்படியா இருப்பாரு? கண்ணைக்கூட சிமிட்டாம? ஏங்க, விளையாடாதீங்க, எனக்குப் பயமா இருக்கு. தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், அந்தப் பெட்டியைச் சரி பண்ணுடா.

— பெட்டி சரியாத்தான் இருக்குக்கா. பின்னாடி ஜன்னல் திரை இன்னும் ஆடிக்கிட்டே இருக்கு.