பதினோராம் பக்கத்தில் போட்டிருந்தது

எங்கள் அறையில் ஏசி நன்றாகவே வேலை செய்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ரவிசங்கர் சார். கேம்ப்பிலிருந்து ஒருவன் கம்பெனியின் நலத்துறைக்குக் காகிதம் எழுதினால், ஏசி இல்லை, தண்ணீர் வரவில்லை என்றுதான் எழுதுவான் என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படி ஒரு குறையும் இல்லை. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

பணம் வைத்து ஆடினோமா என்பது உங்கள் முதல் கேள்வி. ஒரு திர்ஹம்கூட வைக்கவில்லை. அதைக் கேட்டதும் உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

போன வருடம் ஒரு வில்லாவில் சாரம் பிரிக்கப் போனபோது அந்தத் தகரப் பெட்டி குப்பையோடு கிடந்தது. குடியிருந்த குடும்பம் விட்டுப் போனது. உள்ளே நூற்றுச் சொச்சம் அட்டைகள். பிள்ளைகள் சேர்த்துவைத்து, மாற்றிக்கொண்டு, மோதவிட்டு ஆடுகிற சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம், கீழே ஓர் எண். கூடவே விதிகள் அடங்கிய சின்னப் புத்தகம். எண்களைத் தவிர எல்லாம் ஜப்பான் எழுத்து.

எனக்கு ஜப்பான் மொழி தெரியும் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. இங்கே வருவதற்கு முன் ஒரு ஜப்பான் கம்பெனி சைட்டில் பதினான்கு மாதம் இருந்தேன் என்றுதான் சொன்னேன். அது உண்மை. மீதியை அறையில் இருந்தவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அந்த சைட்டில் காலையில் சேஃப்டி இன்ஜினியர் ஒவ்வொரு கயிற்றையும் விரலால் சுட்டிக்காட்டி "யோஷி" என்பார். சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நானும் புத்தகத்தைப் பிரித்து, ஒரு வரியைச் சுட்டி, "யோஷி" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்படவில்லை.

இப்படித்தான் ஞாயிறு மதியங்களில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். மற்றவர்களுக்கு நாலு வாரத்தில் அலுத்துவிட்டது. சோலையப்பன் அண்ணன் மட்டும் விடவில்லை. என் கேங்கில் சாரம் கட்டுகிறவர், என் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது. அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி உதட்டை அசைப்பார்.

முதலில் ஒரே விதிதான் வைத்திருந்தேன். பெரிய எண் ஜெயிக்கும். ஆனால் அண்ணனுக்குச் சீட்டு நன்றாக விழுந்தது. பந்தயமாக வைத்திருந்த, காலையில் முதலில் குளிக்கிற உரிமை, கீழ்க்கட்டில் இரண்டும் அவரிடம் போய்விட்டன. ஆசிரியன் தோற்றுக்கொண்டே இருந்தால் பாடத்துக்கு மரியாதை இருக்காது. அதனால் அவ்வப்போது புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கிறபோதெல்லாம் ஒரு புது விதி இருந்தது.

"அப்புடியா போட்டிருக்கு?" என்று கேட்பார்.

"ஆமாண்ணே. அச்சுல போட்டிருக்கு."

"போட்டிருந்தா சரிதேன்."

இந்த ஒரு வார்த்தைதான் சார் அவர். ஊரில் ஏஜென்ட் நீட்டிய காகிதத்தில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார். இங்கே வந்து நீங்கள் நீட்டிய அரபிக் காகிதத்திலும் அப்படித்தான் போட்டார். நான் புதிதாக ஒன்றும் அவருக்குப் பழக்கிவிடவில்லை.

இப்போது லீவ் விஷயம். எங்கள் கேங்கில் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் லீவ். பங்குனி அவர் முறை, ஆவணி என் முறை. அவர் மனைவி பூவாயி அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. சிவகங்கை ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். அக்காவுக்குக் கத்தி என்றால் பயம். அண்ணன் வந்து வாசலில் நின்றால்தான் உள்ளே போவேன் என்று சொல்லியிருந்தார்.

எனக்கும் பங்குனியில் அவசரம் இருந்தது. எங்கள் ஊர் ஐயனார் கோயில் கும்பாபிஷேகம். முக்கில் வைக்கிற பேனரில் 'துபாய் விமல்' என்று கண்ணாடி போட்ட என் படம் பெரிதாக வருகிறது என்று பையன்கள் அச்சுக்கே கொடுத்துவிட்டார்கள். பேனரில் இருக்கிறவன் ஊரில் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது.

வாய்விட்டுக் கேட்டிருந்தால் அண்ணன் தர்மசங்கடப்பட்டிருப்பார். அதனால் கேட்கவில்லை. சிவப்பு ஓரம் போட்ட ஒரு சீட்டைக் காட்டினேன். இது சவால் சீட்டு, இதைக் காட்டி எதைக் கேட்டாலும் எதிராளி ஆடித்தான் ஆக வேண்டும், மறுத்தால் தோற்றதாக அர்த்தம் என்றேன். நான் கேட்டது பங்குனி லீவ். அண்ணன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். போட்டிருந்தால் சரிதான் என்றார்.

நன்றாகத்தான் ஆடினார். கடைசியில் ஒன்பதாயிரம் எண் போட்ட ஆமையை இறக்கினார். என் கையில் முந்நூறு எண் போட்ட நரி. நான் பதினோராம் பக்கத்தைப் பிரித்தேன். யோஷி. நரியைக் கண்டால் ஆமை ஓட்டுக்குள் போய்விடும், அந்த ஆட்டம் முழுக்க வெளியே வராது.

அண்ணன் யோசித்துப் பார்த்தார். "நியாயந்தேன். ஆமைன்னா ஓட்டுக்குள்ளதேன் போகும்," என்றார்.

அடுத்த நாள் முறை மாற்றுகிற பாரத்தில் கையெழுத்துப் போட்டார். நீங்கள்தான் முத்திரை குத்தினீர்கள். பூவாயி அக்கா ஆபரேஷனை ஆவணிக்குத் தள்ளிப்போட்டார். டாக்டர் திட்டியிருக்கிறார். அண்ணன் வந்து நிற்கட்டும் என்று அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. பேனரும் நன்றாக வந்திருந்தது. மூன்றாம் நாள் அக்காவுக்கு வீட்டிலேயே உதிரம் கொட்டி, ஆஸ்பத்திரி போகிற வழியில் முடிந்துவிட்டது. அண்ணனின் எமர்ஜென்சி லீவ் உங்கள் மேசையில் நாலு நாள் இருந்தது. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதால் இனி எமர்ஜென்சி இல்லை என்று ரத்து செய்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கும்.

அண்ணன் சார்பில் நான்தான் போய் நின்றேன். வீடியோ காலில் அவர் பார்க்கும்படி போனைப் பிடித்துக்கொண்டேன். கை ஆடாமல் பிடித்தேன். முகம் தெரியவில்லை, கொஞ்சம் கீழே காட்டு என்றார். காட்டினேன். "நீயாச்சும் கூட இருந்தியே தம்பி, அது போதும்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு அவரே பெட்டியை எடுத்து வைத்தார். "அன்னைக்கு ஆமைய எறக்காம கையிலயே வச்சிருந்தா நாஞ் செயிச்சிருப்பேனா?" என்று கேட்டார்.

"ஜெயிச்சிருப்பீங்கண்ணே. அதுலதான் தப்புப் பண்ணிட்டீங்க," என்றேன்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? தெரியாது என்றால் ஆசிரியன் என்று எதற்கு இருக்கிறேன்? அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு சீட்டு. ஒரு சீட்டுல விட்டுப்புட்டேன் அவள," என்றார். பரவாயில்லை, எல்லோருக்கும் தவறு வரும் என்று தேற்றினேன். இனி யாரைப் பார்க்கப் போக என்று சொல்லி, ஆவணி முறையையும் எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிறகு எலக்ட்ரீஷியன் ஜெகின் எங்கள் அறைக்கு வந்தான். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன், போனும் கையுமாகவே இருப்பான். நான் தனியாக இருந்தபோது போனைப் புத்தகத்தின்மேல் காட்டினான். அது மொழிபெயர்த்துவிட்டது.

"எண்ணே, பதினோராம் பக்கத்துல நரியும் இல்ல, ஆமையும் இல்ல கேட்டியளா. கொச்சுப் பிள்ளைய வாயில போடப்பிடாது, வெயில்ல வைக்கப்பிடாதுண்ணு போட்டிருக்கு," என்றான்.

சின்னப் பிள்ளைகள் வாயில் போடக் கூடாததும், வெயிலில் வைக்கக் கூடாததும் அட்டைகளைத்தான். நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் உங்களிடம் வந்து சொன்னான், பெட்டியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். சோலையப்பன் அண்ணனிடம் மட்டும் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன். விதிகள் எல்லாம் நான் சொன்னவை. ஒன்றுகூட அச்சில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பெட்டியைச் சீக்கிரம் திருப்பித் தாருங்கள். தாய் இறந்து வருடம் திரும்புவதற்குள் மகள் பானுமதிக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று ஆவணியில் நாள் வைத்திருக்கிறார்கள். லீவ் இப்போது என்னிடம் இருக்கிறது. அண்ணன் சும்மா கேட்கவில்லை, விதிப்படி ஆடியே வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். தினமும் வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து, வெறுங்கையை விரித்து வைத்துக்கொண்டு பழகுகிறார்.

என்னை நீங்கள் என்னவாக நினைத்தாலும் சரி, நான் கல்நெஞ்சக்காரன் இல்லை சார். இந்த முறை அவரை ஜெயிக்க விட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன், நன்றாக ஆடினால்.