திரை போட்டுக்கொள்ளும் உரிமை

இப்பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து பிடித்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தூங்க மறுத்த பிள்ளையைத் தோளில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! பழந்தெருவுக்குப் புத்துயிர் தந்த கொத்தர்களே, தச்சர்களே! பிடித்தால் கேட்போம், பிடிக்காவிட்டால் நழுவுவோம் என்று சுவரோரம் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! தெருமுனைக் குடும்பச் சட்ட உதவி அறையின் வழக்குரைஞராகிய என் மாலை வணக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்தி இறங்குகிறது. இந்த மேடையில் நின்றால் தெரு முழுவதும் தெரிகிறது. என்ன அழகு! இடிந்து கிடந்த தெருவா இது? எலி ஓடிய மாடிகளா இவை? சுண்ணாம்பு பூசினீர்கள், சுவர்கள் சிரித்தன. கல் பதித்தீர்கள், கால்கள் களித்தன. கண்ணாடி பொருத்தினீர்கள், கதிரவனே வந்து குடியேறினான். வண்ணக் கண்ணாடிகள் வழியே கசிகிற வெளிச்சம் கல்தரையில் சிவப்பாகவும் நீலமாகவும் விழும்போது, அதை மிதிக்க மனம் வராமல் ஓரமாக நடந்திருக்கிறேன். அந்த வேளையில் இந்தத் தெரு விழித்திருக்கிறதா, கனவு காண்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்தக் கனவுக்கு 'விளக்கு நேரம்' என்று பெயர் வைத்தீர்கள். தெரு புதுப்பிக்கப்பட்டது முதல் நம் சங்கத்தின் வழக்கம் அது. அந்தி சாய்ந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் தெருப்பக்க அறையின் திரையை விலக்க வேண்டும், விளக்கேற்ற வேண்டும், குடும்பத்தோடு ஜன்னலருகே அமர வேண்டும். வருகிற சுற்றுலாப் பயணிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள், மயங்குவார்கள், படம் எடுப்பார்கள். நானும் மயங்கியவள்தான், மறைப்பானேன்? ஆனால் அன்பர்களே, ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு விளக்கு தெரியும், வெளிச்சம் தெரியும். வீடு தெரியுமா?

ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். அவ்வீட்டார் இருவரும் மனமுவந்து அனுமதி தந்த பிறகே சொல்கிறேன்.

என்ன, 'பேரைச் சொல்லுங்க' என்கிறீர்களா? ஐயா, பேரைச் சொன்னால் நீங்கள் கதையைக் கேட்க மாட்டீர்கள், ஆளைத் தேடுவீர்கள். உட்காருங்கள்.

அவர் ஒரு கண்ணாடிக்காரர். இத்தெருவின் வண்ண ஜன்னல்களில் பெரும்பாலானவை அவர் கை பட்டவை. அவர் மனைவி தையற்காரர். அந்த ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்தவர். பார்த்தீர்களா, தொழிலைச் சொன்னதுமே பாதித் தலைகள் பின்வரிசைப் பக்கம் திரும்பிவிட்டன! இதற்குப் பேர் வேறு வேண்டுமாம். சரி, கேளுங்கள். அவர் வெளிச்சத்தை உள்ளே விட்டார். இவர் அதை அளவாக மடித்துத் தொங்கவிட்டார். பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம் என்று தெருவே மெச்சியது. அந்த வீட்டுக்குள் பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது மட்டும் தெருவுக்குத் தெரியாது.

அடிதடி இல்லை. கூச்சல் இல்லை. ஒருவர் இருக்கும் அறையில் மற்றவருக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான். அவர் பட்டறையிலேயே சாப்பிட்டார். இவர் தையல் இயந்திரத்தின் பக்கத்திலேயே சாப்பிட்டார். இருவருக்கும் நடுவே 'அப்பாகிட்ட சொல்லு', 'அம்மாகிட்ட சொல்லு' என்று தூது போனது அவர்களின் ஒரே மகள். வாயாடி என்று செல்லமாகச் சொல்கிறோமே, அவள்தான்.

ஆனால் அந்தி வந்தால்? திரை விலகும். விளக்கு எரியும். அவர் இந்தப் பக்கம், இவர் அந்தப் பக்கம், வாயாடி நடுவில். மூவர் முகத்திலும் வண்ண ஒளி. மூவர் முகத்திலும் சிரிப்பு. பயணிகள் போனதும் விளக்கு அணையும், ஆளுக்கொரு மூலை. தெருவின் நுழைவாயிலில் நாம் பெருமையோடு நிறுத்தியிருக்கிறோமே ஒரு பெரிய படம், சிரிக்கும் குடும்பம்? அந்தக் குடும்பம்தான் அது.

ஒரு நாள் அந்தத் தையற்கார அம்மா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எனக்கு விவாகரத்து வேணும் மேடம். ஆனா வேணாம்."

"ஏம்மா, வேணும்னா வேணும். அதென்ன வேணும், வேணாம்?"

"வேணும்னு கேட்டா வீடு போயிடுமே!"

ஆம் பெரியோர்களே, நம் சங்க விதியில் ஒரு வரி இருக்கிறது. புதுப்பித்த வீடுகள் குடும்பங்களுக்கே. மணவாழ்வு முறிந்தால் வீட்டைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். பிரியலாம் என்கிறது சட்டம். பிரிந்தால் வெளியே போ என்கிறது சங்கம். அந்த அம்மா எங்கே போவார்? தொழில் இங்கே, வாடிக்கையாளர்கள் இங்கே, மகளின் பள்ளிக்கூடம் இங்கே. அதனால்தான் மாலைதோறும் அந்த விளக்கடியில் சிரித்துக்கொண்டிருந்தார். இருட்டில் அழுகிறவரை யாராவது தேடி வரலாம். வெளிச்சத்தில் சிரிக்கிறவரை யார் தேடி வருவார்கள்?

கணவரையும் அழைத்தேன். எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. வருகிறவர்களை எதிரெதிரே உட்கார வைக்க மாட்டோம். பக்கத்தில் பக்கத்தில், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தைப் பார்த்தபடி உட்கார வைப்போம். முகத்தைப் பார்த்தால் சண்டை வரும். மரத்தைப் பார்த்தால் பேச்சு வரும். அவர் வரும்போதே அந்த நுழைவாயில் படத்தின் சிறு பிரதியோடு வந்தார்.

"பாருங்க மேடம். இது பொய்யா? எப்படிச் சிரிக்கிறா பாருங்க. இவளுக்கு என்ன குறை?"

அந்த அம்மா படத்தைப் பார்க்கவேயில்லை. வெளியே மரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அது வெளியில இருந்து எடுத்தது."

படத்தை நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது. தெருவுக்கெல்லாம் ஜன்னல் வைத்தவர், தன் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் இருந்ததை அன்றுதான் பார்த்தார்.

பிறகு வாயாடியை அழைத்தேன். அப்பா வேண்டுமா, அம்மா வேண்டுமா என்று ஒரு குழந்தையிடம் கேட்கலாமா? கேட்கக் கூடாது. "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்று மட்டும் கேட்டேன். பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத பிள்ளை, விரல் விட்டு எண்ணிச் சொன்னது.

"விளக்கு நேரத்து அப்பா வேணும். விளக்கு நேரத்து அம்மா வேணும். விளக்கை அணைச்சப்புறம் வர்றவங்க வேணாம்."

தாய்மார்களே, அந்தக் குழந்தை அதை நடிப்பென்று நினைக்கவில்லை. அந்த ஒரு வேளைதான் நிஜம் என்று நம்பியிருந்தது. என் தொழிலில் கண் கலங்கக் கூடாது என்பார்கள். நான் கலங்கினேன்.

மகள் சொன்னதை இருவரும் கேட்டார்கள். கண்ணாடிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "நான் பட்டறைக்குப் போயிடறேன் மேடம். தெருக்கோடிதானே? இவ இங்கேயே இருக்கட்டும். பாப்பா ரெண்டு பக்கமும் ஓடட்டும்."

அந்த அம்மா திரும்பினார். வெகுகாலத்துக்குப் பிறகு, நடுவே தூது இல்லாமல், நேராக அவரிடம் பேசினார்: "பட்டறை ஜன்னலுக்குத் திரையே கிடையாதே. தைச்சுத் தரேன்."

இருவரும் சம்மதித்துக் கொடுத்த விவாகரத்து மனு நீதிமன்றத்தில் இருக்கிறது. மகளுக்கு இரு வீடு, இருவரின் அன்பு, ஒரே தெரு. ஆனால் தீர்ப்பு வரும் நாளில் நம் விதியின் அந்த ஒற்றை வரி, தாயையும் மகளையும் தெருவை விட்டே துரத்தும். அந்த வரி இருக்கலாமா, போகலாமா? அதற்குத்தான் இன்று வாக்கெடுப்பு.

விவாகரத்து என்றால் வீட்டை இடிப்பது என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள் கொத்தர்களே, இந்தத் தெருவை எப்படி மீட்டீர்கள்? எது தாங்கும், எது தாங்காது என்று தட்டிப் பார்த்தீர்கள். தாங்காத சுவரைப் பக்குவமாகப் பிரித்தீர்கள். நல்ல கல்லை நோகாமல் எடுத்து வைத்தீர்கள். அதைத்தானே நாங்கள் ஒரு குடும்பத்துக்குச் செய்கிறோம்? கல்லுக்குக் காட்டிய கருணையைக் கண்ணீருக்குக் காட்டக் கூடாதா? கதவுக்குக் கொடுத்த காலத்தைக் கவலைக்குக் கொடுக்கக் கூடாதா? முகப்புக்கு விதி எழுதினீர்கள், சரி. முகத்துக்கும் விதியா?

என்ன ஐயா? 'ஆளாளுக்குத் திரை போட்டா தெரு இருட்டாயிடும்' என்கிறீர்களா? ஆகாது. திரும்பி அந்த மாடியைப் பாருங்கள். எல்லோரும் பாருங்கள்.

இன்றுதான் முதன்முறையாக அந்த ஜன்னலில் திரை மூடியிருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது. துணி வழியே வரும் வெளிச்சம் எவ்வளவு மென்மையாகத் தெருவில் இறங்குகிறது பாருங்கள்! இரண்டு நிழல்கள். பெரிய நிழல் குனிந்து தைக்கிறது. சின்ன நிழல் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசுகிறது. அவள் கை ஓயாது. அவர்கள் இப்போது சிரிக்கிறார்களா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் அன்பர்களே! நமக்குத் தெரியாமல் சிரிக்கவும் நமக்குத் தெரியாமல் அழவும் இடம் இருந்தால்தானே அது வீடு?

தலைவர் அவர்களே, கடிகாரத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். அந்த வரி போகட்டும் என்போர் கை உயர்த்துங்கள்.

அதோ, பின்வரிசையில் முதல் கை உயர்ந்துவிட்டது. கண்ணாடித் தூள் மின்னுகிற கை.

எண்ணத் தொடங்குங்கள் ஐயா. இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு என் நன்றி. திரை விலக்கிய வீடுகளுக்கும் திரை மூடிய வீடுகளுக்கும் என் வணக்கம்.